ஒன்பது அங்குலம்

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பிளாஸ்ரிக் குழாய் ஒன்று சுருட்டித் தொங்குகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே தெரியும், மேசன்மார் மட்டம் பார்க்கிற குழாய். 2013 இல் வீடு கட்டும்போது நாங்கள் ஐந்து குடும்பங்கள் காசு சேர்த்து வாங்கியது. வீடுகள் முடிந்த பிறகு பத்து வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. போன வருடம் திரும்ப எடுத்தோம்.

நான் இந்தச் சங்கத்தின் செயலாளர். ஊர் இலங்கையின் வடக்கே வன்னியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கிக் கிரவல் பாதையில் போக வேண்டிய இடம். போர் முடிந்து 2010 இல் முகாமிலிருந்து வந்தோம். முதலில் தறப்பாள், பிறகு தகரக் கொட்டில், அதற்குப் பிறகுதான் இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும். முதல் ஆயிரம் வீடுகளை ஒப்பந்தகாரர்கள் கட்டிக் கொடுத்தார்கள். 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், நான்கு தவணையாக நேரே வங்கிக் கணக்குக்கு வரும், கட்டுவது நீங்கள்தான் என்றார்கள்.

அந்தக் காசு போதவில்லை. அது எல்லோருக்கும் தெரியும். மணல் விலை ஏறியது, எல்லா ஊரிலும் ஒரே நேரத்தில் வீடு எழும்பியதால் மேசன் கிடைக்கவில்லை, கூலி கூடியது. என் சங்கிலி அடைவுக்குப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் மீண்டது. திரும்பாத நகைகளும் ஊரில் உண்டு. ஆனாலும் அந்த முறை சரியென்றுதான் இன்றும் சொல்வேன். பயனாளிகள் பட்டியலை முன்பள்ளிச் சுவரில் ஒட்டினார்கள். ஆட்சேபனை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள், எழுதியும் கொடுத்தோம். கணவன் இல்லாத ஒரு பிள்ளையின் பெயர் விடுபட்டுப் போயிருந்தது, அது சேர்ந்தது. கதவு எந்தப் பக்கம், குசினி எங்கே என்று வீட்டுக்காரியிடம் கேட்டார்கள். சீமெந்துக் கல்லை நாங்களே அரிந்தோம்.

மட்டம் பார்க்கப் பழகியதும் அப்போதுதான். என் வீட்டு மேசன் குழாயின் ஒரு நுனியை என் கையில் தந்துவிட்டு மற்ற நுனியோடு அத்திவாரத்தின் அந்தப் பக்கம் போவார். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், அந்த இடத்தில் சுவரில் கோடு போடுவோம். குழாய்க்குள் காற்றுக் குமிழ் இருந்தால் கணக்குப் பிழைக்கும். "அக்கா, குமிழ் நிக்குதோ எண்டு முதல்ல பாருங்கோ" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். விரலால் தட்டித் தட்டிக் குமிழை மேலே அனுப்ப வேண்டும்.

2016 இல் 65,000 இரும்பு வீடுகள் கட்டுவதாக ஒரு திட்டம் வந்தபோது வடக்கில் இவ்வளவு எதிர்ப்பு எழும்பியதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கட்டிப் பழகிய சனம் கேள்வி கேட்டது. வன்னி வெயிலுக்கு அந்தச் சுவர் தாங்குமா, பிள்ளை கலியாணம் முடித்தால் ஓர் அறை இழுக்கலாமா, ஊர் மேசனால் திருத்த முடியுமா? கடைசியில் அந்தத் திட்டம் அந்த வடிவத்தில் நடக்கவில்லை.

சரி, வீட்டின் கதை இருக்கட்டும். வீடு என்னுடையது, ஓடு உடைந்தால் நான் மாற்றுவேன். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பதை யார் பார்ப்பது? தூண் மின்சார சபையின் தூண், அதில் எரிகிற விளக்கு பிரதேச சபையின் பொறுப்பு. பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, உள்வீதியும் அதன் வாய்க்காலும் பிரதேச சபைக்கு. சின்னக் குளம் கமநல சேவைத் திணைக்களத்துக்கு, காணி அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்துக்கு. குளத்து மேலதிக நீர் வீதி வாய்க்காலுக்குள் வந்து வீட்டு வளவுக்குள் ஏறினால் யாரிடம் போவது? நாங்கள் மூன்று இடத்துக்கும் போனோம்.

2024 தொடக்கத்தில் எங்கள் உள்வீதிக்குக் குறுக்கே குழாய் மதகு ஒன்று போட்டார்கள். அந்த நேரம் சபையில் உறுப்பினர்கள் இல்லை. 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2025 மே 6 இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடமும் வாக்குப் போட்டு அனுப்பிய ஆள் என்று போய்க் கேட்க ஒருவரும் இல்லை. ஒருநாள் காலையில் இயந்திரம் வந்தது, மூன்றாம் நாள் மதகு முடிந்துவிட்டது. மூலை வளவு ஆச்சி படலையில் நின்று, "தம்பி, மாரியில தண்ணி இதால பாயிறது, இன்னும் கீழ வையுங்கோ" என்று சொன்னது எனக்குக் கேட்டது. வேலை செய்த பொடியனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்குச் சொன்ன வேலையை அவன் செய்தான்.

2018 டிசம்பரில் இந்தப் பக்கம் முழுவதும் வெள்ளம் வந்தது, இரணைமடுக் குளத்துக் கதவுகளைத் திறந்தார்கள். அந்த வெள்ளத்திலும் எங்கள் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை. 2024 நவம்பர் கடைசிக் கிழமை மழையில் மூன்று வீடுகளுக்குள் ஏறியது. மலசலகூடக் குழி நிரம்பிப் பக்கத்துக் கிணற்றோடு கலந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் போட்டார். அதுவரைக்கும் பதினொரு நாள், ஒரு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு நாங்கள் வாளியில் தண்ணீர் சுமந்தோம்.

மதகு உயரமாக இருப்பதால்தான் தண்ணீர் ஏறுகிறது என்று பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தோம். மதகு மதிப்பீட்டின்படிதான் போடப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. அப்படியென்றால் அந்த மதிப்பீட்டைக் காட்டுங்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் முடிவு சொல்ல வேண்டும். இதை வாசிக்கிற அக்காமார் தங்கச்சிமார் பயப்படாமல் எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லை. எனக்குப் பிரதி கிடைத்தது. வரைபடத்தில் மதகுக் குழாயின் அடியும் வாய்க்காலின் அடியும் ஒரே கோட்டில் இருந்தன.

2025 பெப்ரவரி, வாய்க்கால் காய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் நான்கு பெண்கள் மட்டக் குழாயை எடுத்துக்கொண்டு போனோம். முதல் தடவை பார்த்தபோது ஆறு அங்குல வித்தியாசம் வந்தது. இரண்டாம் தடவை எட்டு. எனக்கு மேசனின் குரல் ஞாபகம் வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வளைவில் சோற்றுப் பருக்கை அளவில் ஒரு குமிழ், அதற்குப் பின்னால் இன்னொன்று. எல்லாத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, வாளியை மதகின் மேல் வைத்து மெல்ல மெல்ல நிரப்பினோம். கொஞ்சம் நீலமும் கலந்தோம், தண்ணீர் தெளிவாகத் தெரியட்டும் என்று. அப்புறம் நீர்க்கோட்டிலிருந்து வாய்க்கால் அடிக்கு அளந்தால் நான்கு அடி ஒரு அங்குலம். மதகுக் குழாயின் அடிக்கு மூன்று அடி நான்கு அங்குலம். ஒன்பது அங்குலம். மூன்று முறை பார்த்தோம், மூன்று முறையும் ஒன்பதுதான். ஒரு தங்கச்சி கைபேசியில் படம் எடுத்தாள், அளவுநாடாவின் எண் தெரியும்படி.

மே தேர்தலுக்குப் பிறகு எங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் வரைபடத்தையும் படத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். சபைக் கூட்டத்தில் எடுப்பதாகச் சொன்னார். எடுக்கும் நாளில் நாங்கள் ஆறு பேர் போய்ப் பார்வையாளர் பகுதியில் இருந்தோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் நேரில் வந்து தன் கருவியால் பார்த்தார். அரை அங்குலம்கூட மாறவில்லை. அந்த மனிதர் மழுப்பாமல், "நீங்கள் சொன்னது சரி" என்றார். அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும். செப்ரெம்பரில் மதகுக் குழாயைத் தோண்டி எடுத்துக் கீழே இறக்கினார்கள்.

ஒரே மதகுக்கு இரண்டு தரம் பொதுப் பணம். முதல் நாளே ஆச்சியிடம் கேட்டிருந்தால் ஒரு தரத்தோடு முடிந்திருக்கும். வீடு கட்டும்போது எங்களிடம் கேட்டவர்கள், வீடு முடிந்ததும் கேட்பதை விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் மனதில் இருக்கும் குறை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில், சபை அமைக்கிற குழுக்களுக்குள் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் எடுக்க இடம் இருக்கிறது. அப்படி ஒரு வீதி, வடிகால் குழு வேண்டும், வேலை தொடங்கு முன் மதிப்பீட்டைச் சனசமூக நிலையத்தில் ஒட்ட வேண்டும் என்று சங்கத்தால் எழுதிக் கொடுத்திருக்கிறோம். பட்டியலை முன்பள்ளிச் சுவரில் ஒட்டியது போல. பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பாடசாலை வீதியில் அடுத்த மதகு போடப் போகிறார்கள், அதற்கு முன்னால் இடம் பார்க்க வருவதாக இந்த முறை அவர்களே அறிவித்திருக்கிறார்கள்.

வருகிற செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு வருகிறார்கள். குழாயைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன். அந்த வீதியில் மாரித் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆச்சிக்குத் தெரியும், அவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். நெடுநேரம் நிற்க அவரால் முடியாது, சங்கத்திலிருந்து ஒரு கதிரை கொண்டுபோக வேண்டும்.