மன்னார் வளைகுடாவுக்கு அப்பாலிருந்து அனலாக் படம்: செய்து பார்த்த அனுபவம்

இலங்கை டி.வி.யை ஆன்டெனாவில் பிடிக்கும் இந்த வேலை புதிய எல்.இ.டி. டி.வி.யில் நடக்காது. சிக்னல் கொஞ்சம் இளைத்தாலே அது திரையை நீலமாக்கி, சிக்னல் இல்லை என்று அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த நீலத்துக்குப் பின்னால் இருக்கும் புள்ளிமழையில்தான் இருக்கிறது. அதனால் பரணில் துணி போர்த்திக் கிடந்த 14 அங்குலப் பெட்டியை இறக்கினேன். 2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீட்டுக்கு வந்தது அது. நீலத் திரையை அணைத்து வைக்க அதன் மெனுவில் வசதி உண்டு. அணைத்ததும் பழைய இரைச்சலும் புள்ளிகளும் திரும்பி வந்தன. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கேபிள் போய்விட்டதா?" என்று கேட்டார்.

தூத்துக்குடியில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து, கேபிளும் டிஷ்ஷும் இணையமும் இல்லாமல், இலங்கையின் அனலாக் தொலைக்காட்சியைப் பிடிக்க வேண்டும். வந்தது எந்தக் கோபுரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துக் குறித்து வைக்க வேண்டும். வேறு ஆசை இல்லை. நிகழ்ச்சி பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அதே நிகழ்ச்சி யூடியூபில் பளிச்சென்று கிடைக்கிறது.

இந்தப் பக்கத்தில் இது புதிய பைத்தியம் அல்ல. ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வரும்வரை தென்கடலோர ஊர்களில் டி.வி. என்றாலே பெரும்பாலும் இலங்கைதான். வீட்டை விட உயரமாக இரும்புக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள். அந்தக் காலத்தில் ஆன்டெனா கட்டிக்கொடுத்த டி.வி. மெக்கானிக் ஒருவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். இந்தப் பெட்டியின் ட்யூனரைச் சுத்தம் செய்து கொடுத்தவரும் அவரே. "எந்த நேரத்தில் வரும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கச்சான் விழுந்த பிறகு போய்ப் பார் தம்பி. அதற்கு முன்னால் மாடியில் நின்று காயாதே" என்றார். கச்சான் என்பது மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று, அது விழுவது என்றால் அடங்குவது. இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள தகவல் அந்த ஒரு வரிதான். ஆன்டெனாவுக்குச் செலவழித்ததில் பாதியை மிச்சம் பிடித்திருக்கலாம் என்று தோன்றுமளவுக்கு.

இப்போது முயல்வதில் ஒரு வசதியும் இருக்கிறது. எல்லையோரம் போன்ற சில இடங்களைத் தவிர, தூர்தர்ஷன் தன் அனலாக் ஒளிபரப்பை 2022 மார்ச் இறுதிக்குள் படிப்படியாக நிறுத்திவிட்டது. முன்பு உள்ளூர்ச் சிக்னல் மூடி வைத்திருந்த சேனல்கள் இப்போது காலியாகக் கிடக்கின்றன. இலங்கை 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தேர்ந்தெடுத்தும், மாற்றம் இழுத்துக்கொண்டே போகிறது. அங்கும் இங்கும் ஒரே பால் (PAL) வண்ண ஒளிபரப்பு முறை என்பதால் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் படம் வரவே கூடாது. ரூபவாஹினியின் முதன்மைக் கோபுரம் நிற்கும் பிதுருதலாகல மலை 2,524 மீட்டர் உயரம். அந்த உயரத்திலிருந்து புறப்படும் அலையின் தொடுவானம் ஏறத்தாழ 207 கிலோமீட்டர். பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் என் ஆன்டெனா அதோடு பதினான்கைச் சேர்க்கிறது. தூத்துக்குடியிலிருந்து மலை இருப்பதோ 350 கிலோமீட்டரில். கொழும்புத் தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரம். அதன் தொடுவானம் 77 கிலோமீட்டரில் முடிந்துவிடும். நானோ 280 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். மிச்ச தூரத்துக்கு அலையைச் சுமந்து வருவது கடல்மேல் காற்று. கடலை ஒட்டிய காற்று ஈரமாகவும் ஓரளவு குளிர்ந்தும் இருக்கும். நிலத்தில் காய்ந்த வெப்பக் காற்று அதன்மேல் மெல்லப் படர்ந்தால், இரண்டுக்கும் நடுவே வெப்பம் சட்டென்று ஏறி ஈரம் சட்டென்று குறையும் ஓர் அடுக்கு உருவாகிறது. மேலே போக வேண்டிய அலை அங்கே வளைந்து கீழே திரும்புகிறது. கடல் அதை மறுபடி மேலே அனுப்புகிறது. இந்த இடைவெளிக்கு டக்ட் என்று பெயர்.

 கச்சான் வெறிகொண்டு வீசும்போது அடுக்குகள் கலைந்துவிடுகின்றன. சாயங்காலம் அது அடங்கி, கடல்மேல் காற்று அசையாமல் நிற்கும்போதுதான் வழி திறக்கிறது. அண்ணாச்சி சொன்னதற்கு விளக்கம் இவ்வளவுதான். நான் அதைச் சரிபார்க்கக் காரைக்காலில் வானிலைத் துறை பறக்கவிடும் பலூனின் அளவீடுகளையும், இப்படி அலை வளைந்து தொலைதூரம் போகும் வாய்ப்பைக் காட்டும் ஹெப்பர்னின் டிராப்போ முன்னறிவிப்பு வரைபடத்தையும் பார்க்கிறேன். பலூன் தொலைவில் பறக்கிறது, அடுக்கு அடுக்காக நுணுக்கமாகவும் சொல்வதில்லை. முகத்தில் படும் காற்று அதைவிட நம்பகமாக இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் லேசாக வீசும் நாளும் மோசமில்லை. வாடை மழைக்காலம் முழுக்க ஒன்றும் இல்லை.

ஆன்டெனா இரண்டு. ஒன்று, வி.எச்.எஃப். மூன்றாம் பேண்டுக்கான (200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய டி.வி. அலைகள்) யாகி, அதாவது கம்பிகளை வரிசையாக அடுக்கிய ஆன்டெனா. அலுமினியக் குழாய் வாங்கி அறுத்துச் செய்தது. 200 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஒன்றரை மீட்டர் என்பதால் நடுவில் அலையை வாங்கும் கம்பியான மடித்த டைபோல் 71 சென்டிமீட்டர். பின்கம்பி சற்று நீளம், முன்கம்பிகள் சற்றுக் குட்டை. இன்னொன்று, அதைவிட அதிர்வெண் கூடிய யு.எச்.எஃப். அலைகளுக்கு: மரச்சட்டத்தில் நான்கு ஜோடி 'வி' வடிவக் கம்பிகள், பின்னால் கோழிவலை. பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை நன்றாகச் செய்யும். இரண்டுக்கும் 300 ஓமை 75 ஓமாக மாற்றும் பலூன் உண்டு. வானிலைப் பலூன் அல்ல, விரல் பருமனில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர். பூஸ்டரை டி.வி.க்குப் பக்கத்தில் வைக்காமல் ஆன்டெனாவின் காலடியிலேயே வைக்க வேண்டும். கேபிளில் சிக்னல் தேய்ந்த பிறகு பெருக்கினால் இரைச்சல்தான் பெருகும். பூஸ்டருக்கு முன்னால் ஒரு ஃபில்டரும் தேவைப்பட்டது. பக்கத்து 4ஜி கோபுரம் அந்த அளவுக்குக் கத்துகிறது.

உப்புக்காற்றைப் பற்றித் தனியாகப் புலம்ப ஆசைதான். கேபிள் முனையில் உள்ள எஃப் கனெக்டரை ரப்பர் டேப் சுற்றி மூடாவிட்டால் ஒரு கோடை முடிவதற்குள் உள்ளே பச்சை பூத்துவிடும். அலுமினியமும் இரும்பு போல்ட்டும் தொட்டுக்கொள்ளும் இடம் அதைவிட வேகமாக அரிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுங்கள்.

எல்.இ.டி. பல்பு இன்னொரு எதிரி. மலிவான பல்புகளின் உள்ளே இருக்கும் சர்க்யூட் மூன்றாம் பேண்டில் பெரும் இரைச்சலைக் கிளப்புகிறது. அலைகளைக் கணினியில் கோடுகளாகக் காட்டும் எஸ்.டி.ஆர். திரையைப் பார்த்தபடி வீட்டில் ஒவ்வொரு விளக்காக அணைத்துப் பார்த்தேன். குளியலறை விளக்கை அணைத்ததும் இரைச்சலின் தரைமட்டமே ஒரு படி இறங்கியது. அன்றிலிருந்து சாயங்காலம் குளியலறையில் பழைய குண்டு பல்புதான்.

எஸ்.டி.ஆர். என்பது கணினியில் செருகும் ஒரு சிறு வானொலிக் குச்சி. ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மட்டுமே அதனால் ஒரே நேரத்தில் பார்க்க முடியும். ஏழெட்டு மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள டி.வி. சேனலை முழுதாக விழுங்க முடியாது. ஆனால் படம் வருவதற்கு வெகு முன்னாலேயே வீடியோ கேரியரை, அதாவது படத்தைச் சுமந்து வரும் அலையை, ஒரு கோடாகக் காட்டிவிடும். மூன்றாம் பேண்டில் 175.25 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி ஏழு ஏழாகவும், யு.எச்.எஃப்.இல் 471.25இல் தொடங்கி எட்டு எட்டாகவும் தாண்டிப் போனால் போதும். அந்த இடங்களில் ஒரு கோடு தெரிந்தால் மட்டும் போதாது, அது வீட்டுக்குள்ளிருந்து வரும் குப்பையாகவும் இருக்கலாம். உண்மையான டி.வி. கேரியருக்கு இருபுறமும் 15.625 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மெல்லிய துணைக்கோடுகள் வரிசையாக நிற்கும். படத்தின் கிடைக்கோடுகள் விநாடிக்கு 15,625 முறை ஓடுவதால் வரும் அடையாளம் அது. துணைக்கோடு இருந்தால் கீழே ஓடிப் பெட்டியைப் போடுவேன். இல்லையென்றால் டீ குடிக்கப் போவேன்.

முதலில் விழுந்தது யு.எச்.எஃப். காரணம் டக்டின் தடிமன். 200 மெகாஹெர்ட்ஸ் அலையை அடைத்து வைக்க ஏறத்தாழ 150 மீட்டர் தடிமனுள்ள டக்ட் வேண்டும். 600 மெகாஹெர்ட்ஸுக்கு 70 மீட்டர் போதும். மெல்லிய டக்ட் அடிக்கடி உருவாகும், தடித்தது எப்போதாவதுதான். அதனால் வி.எச்.எஃப். வந்த நாள் என்றால் அது பெரிய நாள்.

அந்த மாசி மாதச் சாயங்காலத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெயில் தாழ்ந்து, உப்பளப் பக்கமிருந்து வந்த காற்று நின்றுபோயிருந்தது. குச்சியில் கோடு கனத்துக்கொண்டே வந்தது. பெட்டியில் முதலில் புள்ளிகள் சாய்ந்த பட்டைகளாக ஓடின. பிறகு ஒரு சொடுக்கில் நேராகி நின்றன. அனலாக் முறையில் கோடுகளை வரிசைப்படுத்தும் ஒத்திசைவுத் துடிப்புக்குத்தான் முழுத் திறனும் தருகிறார்கள். அதனால் படம் தெரிவதற்கு முன்பே அதன் சட்டகம் நின்றுவிடுகிறது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு தலை, தோள், கீழே ஓடும் எழுத்துப்பட்டை. எழுத்துகளின் வளைவைப் பார்த்தே சிங்களம் என்று தெரிந்தது. அப்போதும் ஒலி இல்லை. வீடியோவுக்கு மேலே 5.5 மெகாஹெர்ட்ஸில் தனியாக, குறைந்த திறனில் வருவது அது. சற்று நேரத்தில் கரகரப்புக்குள்ளிருந்து ஒரு விளம்பரப் பாட்டு எழும்பியது. நிறம்தான் கடைசி. செய்தி வாசித்தவரின் சேலை விட்டு விட்டுப் பச்சையாகி, மறுபடி சாம்பலாகி, பிறகு பச்சையாகவே நின்றது. அம்மாவைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டு, "இது சிலோன் இல்லையா? முன்பெல்லாம் இதைவிட நன்றாகத் தெரியுமே" என்றார்.

எந்த நிலையம் என்று கண்டுபிடிப்பதில் சின்னச் சின்ன உத்திகள் உண்டு. மூலையில் உள்ள சின்னம் புள்ளிகளில் கரைந்துபோகும். விளம்பரத்தில் வரும் தொலைபேசி எண் பெரிய எழுத்தில் இருப்பதால் தப்பிக்கும். 011 என்றால் கொழும்பு, 081 என்றால் கண்டி. விளம்பரம் எந்த ஊருடையது என்று சொல்லுமே தவிர, கோபுரம் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. திரையில் ஓடும் கடிகாரம் இப்போது உதவாது. இலங்கை 1996இல் தன் நேரத்தை முன்னே தள்ளி வைத்திருந்தது, 2006 ஏப்ரலில் மறுபடி நம் நேரத்துக்கே வந்துவிட்டது. இடைப்பட்ட பத்தாண்டில் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசமே அடையாளம்.

எதைப் பிடித்தாலும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைக்கிறேன், ஓரத்தில் எஸ்.டி.ஆர். திரையும் தெரியும்படி. இந்தத் துறையில் புளுகு பழசு. 1953இல் இங்கிலாந்தில் சிலர் ஹூஸ்டனின் கே.எல்.இ.இ. நிலையத்தைப் பார்த்ததாகச் செய்தி பரவியது. அந்த நிலையம் 1950லேயே பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. பின்னால் அது மோசடி என்று தெரிந்தது. ஆனால் 1938 நவம்பரில் லண்டன் பி.பி.சி.யின் படம் நியூயார்க் அருகே வந்து விழுந்ததும் அதைப் படச்சுருளில் பதிவு செய்ததும் உண்மை. அது 45 மெகாஹெர்ட்ஸ், அயனிமண்டலம் திருப்பி அனுப்பியது, என் கடல்காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் தாழ்ந்த பேண்டையும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறேன், அங்கே இப்போது கூட்டம் இல்லை.

தற்போதைய நிலவரம்: யு.எச்.எஃப். சேனல் ஒன்றில் இரண்டு கேரியர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, இடைவெளி 10.4 கிலோஹெர்ட்ஸ். ஒரே சேனலில் இயங்கும் கோபுரங்கள் ஒன்றின் படத்தை மற்றது கெடுக்காமல் இருக்க, கிடைக்கோடுகள் ஓடும் அந்த 15.625 கிலோஹெர்ட்ஸின் பன்னிரண்டில் ஒரு பங்கை அலகாக வைத்து விலக்கி வைப்பார்கள். 10.4 என்பது அதில் எட்டுப் பங்கு. ஆகவே இரண்டும் திட்டமிட்டு விலக்கி வைக்கப்பட்ட கோபுரங்கள்தான். குச்சியின் கடிகாரம் சற்று விலகி ஓடும் என்பதால், பக்கத்து 2ஜி செல்போன் கோபுரத்தின் அலையை வைத்து அதைத் திருத்திய பிறகே இந்த எண்ணை எழுதினேன். கொழும்புத் திசை இங்கிருந்து 137 டிகிரி, பிதுருதலாகல 124. பதிமூன்று டிகிரி வித்தியாசத்தை என் ஆன்டெனா முன்பக்கமாகப் பிரித்துக் காட்டாது. அதனால் திருப்பி வைத்து, பக்கவாட்டில் அதற்குக் காது கேட்காத ஒடுங்கிய கோணத்தை ஒவ்வொரு கோபுரத்தின் மேலும் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று கொழும்புக் கோணத்தில் தெளிவாக அமுங்குகிறது. மற்றது இரண்டு கோணத்திலும் அமுங்க மறுக்கிறது. அது மூன்றாவது ஒரு கோபுரமாக இருக்கலாம். இதே போல இன்னொரு சட்டம் செய்து இரண்டையும் அக்கம்பக்கமாகக் கட்டினால் கோணம் இன்னும் கூர்மையாகும். கோழிவலை வாங்கியாயிற்று, மரச்சட்டம் தச்சரிடம் இருக்கிறது. தை பிறந்து வாடை ஓய்ந்ததும் கட்டிப் பார்க்க வேண்டும்.