பசையில்லாத பண்ணைவீடு: தூண்கள் நின்ற வாரம்

பேலீஃப் பண்ணைவீட்டை இருபதில் ஒரு பங்கு அளவில் மரத்தில் செய்துகொண்டிருக்கிறேன். இந்த வாரம் தூண்கள் நின்றுவிட்டன.

அசல் வீடு இங்கிலாந்தில், கென்ட் பகுதியின் சிடிங்ஸ்டோனில் இருந்தது. நடுக்கூடம் 1400களின் தொடக்கத்தில் கட்டியது. வீட்டுக்காரரின் மாடியறை உள்ள முனை சுமார் நூறு வருடம் கழித்துச் சேர்ந்தது. பௌ பீச் நீர்த்தேக்கத்துக்கு இடம் வேண்டியிருந்ததால் 1968-69இல் வீட்டைக் கழற்றி, மேற்கு சசெக்ஸின் சிங்கிள்டனில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்தினார்கள். ஐந்நூறு வருட வீட்டைக் கழற்றி மாட்ட முடிந்ததென்றால், காரணம் அதன் மூட்டுகள்தான். அதனால் நானும் பசை, இரும்பாணி இரண்டையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மூட்டின் சூட்சுமம் மர முளையில், அதாவது மரத்தாலான ஆணியில் இருக்கிறது. ஒரு கட்டையின் நுனியில் நாக்குபோலச் செதுக்கிய கழுந்தை மற்றக் கட்டையின் துளைக்குள் சொருகி, இரண்டையும் சேர்த்து நேராக ஓட்டை போடுவதில்லை. கழுந்தில் போடும் ஓட்டையை அதன் தோள்பட்டைப் பக்கம், அதாவது கழுந்து தொடங்கும் படியின் பக்கம், கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். முளையை அடிக்கும்போது அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். பச்சை ஓக் மரம் காயக் காயச் சுருங்கினாலும் மூட்டு தளர்வதில்லை.

நான் முதலில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போட்டேன். இரண்டாவது அடியில் கழுந்தின் நுனி பிளந்துவிட்டது. மூன்று கழுந்துகள் போன பிறகு அரை மில்லிமீட்டருக்கு வந்தேன். முளையையும் மாற்றினேன்: அறுத்த குச்சி வேண்டாம், நார் ஓடும் வாக்கிலேயே பிளந்து, நுனியைச் சீவிய குச்சி. கடைசி அடியில் தோள்பட்டையின் இடைவெளி கண்ணெதிரே மூடிக்கொண்டது. அப்புறம் கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அந்த ஒரு மூட்டைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தூண்களுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அந்தக் காலத் தச்சர்கள் முக்கியத் தூண்களை மரத்தின் அடிப்பக்கம் மேலே வரும்படி தலைகீழாக நிறுத்துவார்கள். வேர்ப்பக்கத்துப் பருமன் உச்சியில் இருப்பதால், சுவரின் மேல்விட்டமும் குறுக்கு உத்தரமும் அந்த ஒரே தலையில் உட்கார இடம் கிடைக்கும். ஒரு தூணின் தலையில் இரண்டு கழுந்துகள், ஒன்றுக்கொன்று குறுக்காக. என் 12 மில்லிமீட்டர் கட்டையில் அதைச் செதுக்க, ஒரு தூணுக்கு ஒரு மாலைப்பொழுது முழுதாகப் போனது.

சட்டங்களைத் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ரோமன் எண்களைக் கீறி வைத்தேன். பழைய தச்சர்களும் இப்படித்தான் அடையாளம் போட்டார்கள். எல்லாம் நேர்கோடுகள் என்பதால் உளிக்குச் சுலபம்.

சுவருக்கு வரிச்சு பின்னி, களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டு சட்டங்களுக்கு இடையே உள்ள ஒரு கட்டத்தில் மட்டும் அப்பியிருக்கிறேன். வெடிப்பு விட்டது, வைக்கோல் இன்னும் வேண்டும். அடுத்து கூரை. கூடத்தின் நடுத்தரையில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகத்தான் போக வேண்டும். கைமரங்களின் உட்பக்கத்துக்குக் கரி பூசத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.