தோல் காயும்வரை

ஜனவரி 13, 2025, திங்கள்

இரவு எட்டு மணிக்குப் பந்தெய்ரேத்தா என்ற தோல்கருவிக்கான முதல் வகுப்பு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில், சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகரில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் கீழ்த்தளக் கூடம். மடக்கு நாற்காலிகள், மூலையில் ஒரு மின் கணப்பு, சுவரில் ஈரம் பூத்த பச்சைத் திட்டு. பதினாறு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். ஆண்கள் இரண்டே பேர். பாதிக்குமேல் இருபது வயதைத் தாண்டியிராத பெண்கள்.

பந்தெய்ரேத்தாவைக் கஞ்சிராவின் ஒன்றுவிட்ட அக்கா என்று சொல்லலாம். மரவளையம், ஒரு பக்கம் ஆட்டுத்தோல். கஞ்சிராவில் ஓரிடத்தில் மட்டும் கிலுங்குவது இதில் வளையம் முழுக்க ஜோடி ஜோடியாகக் கிலுங்குகிறது. அந்தத் தகரச் சில்லுகளுக்குக் கலீசிய மொழியில் ‘ஃபெரென்யாஸ்’ என்று பெயர்.

ஆசிரியைக்கு முப்பது வயது இருக்கும். தாளக்குறிப்பு, கரும்பலகை எதுவும் கிடையாது. “பாருங்கள்” என்றார், அடித்தார், நிறுத்தினார். மறுபடி “பாருங்கள்.” எடுத்தவுடன் முய்ன்யெய்ரா. ‘முய்ன்யோ’ என்றால் தண்ணீரில் ஓடும் மாவாலை. மாவு அரைபடும்வரை இரவெல்லாம் காத்திருந்தவர்கள் பாடி ஆடியதால் அந்தப் பெயர். ஆறு எண்ணிக்கைத் தாளம். காதுக்கு எளிது, கைக்கு வருவதாயில்லை. அரைமணி நேரத்தில் என் கட்டைவிரல் கணு சிவந்துவிட்டது.

எனக்கு அடுத்த நாற்காலியில் 74 வயது அம்மா ஒருவர். விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னாராம் மருத்துவர், அதனால்தான் சேர்ந்திருக்கிறார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் திடீரெனக் கருவியை எடுத்து, ஜன்னலைப் பார்த்தபடியே, பிசகாமல் அடித்தார். கூடமே அவர் பக்கம் திரும்பியது. “எங்கள் ஊரில் இப்படி. நீங்கள் அடிப்பது வேறு ஏதோ” என்று சொல்லிவிட்டு மறுபடி கையைக் கட்டிக்கொண்டார். ஆசிரியை கோபப்படவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஜனவரி 29, புதன்

மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நாளில்தான், யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கு ஸ்பெயினின் பாடலைத் தேர்ந்தெடுக்கும் போட்டியின் இறுதிச் சுற்று பெனிதோர்ம் நகரில் நடந்தது. தான்ஷுகெய்ராஸ் என்ற மூன்று கலீசியப் பெண்கள், ஐதா தாரியோவும் இரட்டையரான ஓலாயா, சபேலா மனெய்ரோவும், பந்தெய்ரேத்தாக்களோடு மேடையேறினார்கள். பாட்டு கலீசிய மொழியில். நடுவில் ‘எல்லைகள் இல்லை’ என்ற ஒரே வரி ஸ்பெயினின் ஐந்து மொழிகளிலும் வரும். தொலைபேசி வாக்கில் 70 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்கே விழுந்தது. பொதுமக்களிலிருந்து தேர்ந்த மாதிரிக் குழுவும் முதலிடம் கொடுத்தது. நிபுணர் குழுவோ ஐந்தாம் இடத்தில் தள்ளியது. கூட்டிப் பார்த்தால் 90 புள்ளி, மூன்றாம் இடம். வென்ற பாட்டுக்கு 96. விவகாரம் நாடாளுமன்றக் கேள்விவரை போனது.

எங்கள் வகுப்பின் இளம்பெண்களில் பலருக்குத் தொடக்கம் அந்த இரவுதான். பாட்டியின் பரணில் தேடினோம், அம்மாவிடம் கேட்டோம், இல்லையென்றதும் வாங்கினோம் என்கிறார்கள். தொலைக்காட்சிப் போட்டியிலிருந்து மரபு திரும்பி வருவதில் எனக்கு ஒரு சின்ன நெருடல். ஆனால் அவர்கள் மணிக்கட்டு என்னுடையதைவிட நன்றாகத் திரும்புகிறது, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஒன்பதாவது நாளாக மழை. குடை, சப்பாத்து, மனிதர்கள் என எல்லாமே ஊறிக் கிடக்கின்றன. தோலும் தளர்ந்து ‘தொப் தொப்’ என்கிறது. ஆசிரியை பையிலிருந்து தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து ஒவ்வொருவர் பந்தெய்ரேத்தாவுக்கும் சூடு காட்டினார். பத்து நிமிடம் அந்த ஊதல் சத்தம் மட்டும். தோல் இறுகி நிறம் வெளுக்கும்போது நகத்தால் சுண்டிப் பார்க்கிறார். ‘டிங்’ என்றால்தான் கையில் தருகிறார். கஞ்சிரா வித்வான்கள் மேடையில் தோலுக்குள் தண்ணீர் தடவி இளக்குவார்கள் என்று சொன்னேன். வகுப்பே என்னைப் பைத்தியம்போலப் பார்த்தது. வருடத்தில் பாதி மழை பெய்யும் ஊரில் எவன் தோலுக்குத் தண்ணீர் ஊற்றுவான்!

பிப்ரவரி 23, ஞாயிறு

எங்கள் நகரின் பொனாவால் பகுதியில் உள்ள கலீசிய மக்கள் அருங்காட்சியகம். முன்பு தோமினிக்கன் துறவிகளின் மடம். தோமிங்கோ தே அந்த்ராதே கட்டிய மூன்று சுழற்படிக்கட்டுகள் ஒரே கிணற்றுக்குள் ஒன்றையொன்று தழுவி ஏறுகின்றன. தவறான படியில் ஏறினால் தவறான மாடிதான். நான் இரண்டு முறை தவறினேன்.

இசைக்கருவிகளை நிதானமாகப் பார்த்தேன். கைப்பிடி சுழற்றி வாசிக்கும் ஸான்ஃபோனா, காற்றுப்பை இணைத்த கய்தா, சதுரப் பறை. இந்த ஊருக்கு நடந்து வரும் யாத்ரீகர்கள் கழுத்தில் தொங்கும் அதே சிப்பி ஓடுகள் இரண்டை முதுகோடு முதுகு உரசினால் அதுவும் தாளம்தான்.

இங்கே வாய்மொழி ஒலிப்பதிவு ஆவணக்காப்பகமும் இருக்கிறது. இந்தப் பாடல்கள் எப்படித் தப்பின என்று யோசித்தால் நாடா இயந்திரத்தோடு மலை ஏறியவர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்து இசையியலாளர் தொரோதே ஷுபார்த், மொழியியலாளர் ஆந்தோன் சாந்தமரீனாவுடன் சேர்ந்து 1984 முதல் பல தொகுதிகளாக வெளியிட்ட கலீசிய நாட்டுப்பாடல் திரட்டு இன்றைக்கும் பாடகர்களின் கையேடு. மெர்செடெஸ் பெயோன் பதின்வயதிலேயே ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்யத் தொடங்கியவர். 1989இல் தொடங்கிய லெய்லீயா குழுவின் ஆறு பெண்களும் கிராமத்து மூதாட்டிகளிடம் கேட்டுத்தான் கற்றார்கள்.

அதற்கும் முன்னால் 1952இல் நாட்டுப்பாடல் சேகரிக்கும் அமெரிக்கர் ஆலன் லோமாக்ஸ் வந்தார். ஃபராமொந்தாஓஸ் என்ற ஊரில் பன்றிகளுக்குக் காயடிக்கும் தொழிலாளி ஒருவர், தான் வந்துவிட்டதை ஊருக்கு அறிவிக்க ஊதும் சிறு குழலை லோமாக்ஸ் பதிவு செய்தார். ஹோசே மரியா ரோத்ரிகெஸ் என்பது அந்தத் தொழிலாளியின் பெயர். அதே மெட்டு 1960இல் மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற ஜாஸ் இசைத்தட்டில் ஏறியது. அதில் இசையமைப்பாளர் என்ற இடத்தில் கில் எவன்ஸ் பெயர் இருக்கிறது. குழல் ஊதியவர் பெயர் இல்லை.

எந்த இசைத்தட்டை எடுத்தாலும் ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டிருந்தால் இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது. பாரம்பரியத்துக்கு ஏது வாய்? யாரோ ஒருத்தி பாடியிருக்கிறாள். நல்லவேளை, இங்கே பல குழுக்கள் எந்த ஊரில், யாரிடம் கேட்டோம் என்று உறையிலேயே எழுதுகின்றன. அந்தச் சின்ன எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் ஆளாகிவிட்டேன்.

மார்ச் 8, சனி

இன்று முழுக்கக் கேட்டது இரண்டு பேரை.

பக்கத்து அஸ்தூரியாஸ்காரர் ரோத்ரிகோ குவேவாஸ். தன்னை ‘நாட்டார் கிளர்ச்சியாளர்’ என்று அழைத்துக்கொள்பவர். ஊர்த் தொப்பியும் மரச்செருப்பும் போட்டு, கூடவே பெண்களின் காலுறைப் பட்டையும் கட்டி ஆடியவர். 2019இல் ராவுல் ரெஃப்ரே தயாரிப்பில் முதல் முழு இசைத்தொகுப்பு, 2023இல் தற்கால இசைக்கான தேசிய விருது. கேலி செய்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கு முதலில் இருந்தது. ஹிஹோன் நகரின் மீனவர் குடியிருப்பில் பெண்வேடமிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்து, 1976இல் கொலையான ரம்பால் என்கிற அல்பெர்தோ அலோன்சோ பிளாங்கோவைப் பற்றி அவர் பாடியதைக் கேட்டதும் சந்தேகம் போயிற்று. கொலையாளி பிடிபடவே இல்லை. ஊர்ப்பாட்டு என்றால் ஊரில் செத்தவனைப் பாடத்தானே வேண்டும்.

இரண்டாமவர் பயூகா, அதாவது கதோய்ராவைச் சேர்ந்த அலெஹாந்த்ரோ கில்யான். மின்னணு இசையின் மேல் கிராமத்துக் குரல்களை அமர்த்துகிறவர். எனக்கு முழுத் திருப்தியில்லை. முய்ன்யெய்ராவுக்கு ஒரு நொண்டல் உண்டு, மூட்டுவலிக்காரி படியிறங்குவதுபோல. கணினித் தாளம் அந்த நொண்டலை நிமிர்த்திவிடுகிறது. ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்: “நொண்டல் என்று உனக்குத் தெரிந்ததே மூன்று மாதமாகத்தான்.” அதிலும் ஒரு மாதம் கூட்டிச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 24, திங்கள்

வகுப்பு முடிந்து அந்த அம்மாவோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன்.

இளமையில் பந்தெய்ரேத்தா அடித்ததைக் கணவர் வீட்டில் மறைத்தாராம். அது மாட்டுக்கொட்டில் வாசனை அடிக்கும் விஷயம். நகரத்துக்கு வந்தவள் கலீசிய மொழியையே வாசலில் கழற்றிவைத்துவிட்டு ஸ்பானிய மொழி பேசிய காலம். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் ஃபலாங்கே கட்சியின் மகளிர் பிரிவு ஊர் ஊராகப் பாட்டும் ஆட்டமும் திரட்டி மேடையேற்றியது உண்மைதான். ஆனால் ஒரே மாதிரி உடை, ஒரே நீளப் பாவாடை, அணிவகுப்புபோல வரிசை. “அவர்கள் ஆடியதைப் பார்த்து எங்கள் ஊர்க்காரர்கள் அது எங்கள் ஆட்டம் என்றே கண்டுகொள்ளவில்லை” என்றார். அசல் ஆட்டத்தில் ஒருவர் திடீரென ஓர் அடவை எடுப்பார், மற்றவர்கள் அவர் காலைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். ஒத்திகை பார்த்தால் அதில் என்ன இருக்கிறது?

உருக்கமாக ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரோ, திருவிழாவுக்கு லாரி மேடையோடு வரும் நடன இசைக்குழுக்கள்தான் தனக்குப் பிடிக்கும் என்றார். விளக்கு, புகை, பளபளச் சட்டை, லத்தீன் அமெரிக்கக் கும்பியா ஆட்டப்பாட்டு. “இதெல்லாம் நாங்கள் சோளம் உரிக்கும்போது தூக்கம் வராமல் இருக்கப் பாடியது. நீங்கள்தான் கோயிலுக்குள் வந்ததுபோல முகத்தை வைத்துக்கொள்கிறீர்கள்.”

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது திரும்பி, “எங்கேயோ எழுதுகிறாயாமே, என் பெயரைப் போடாதே” என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

மதியம் பன்னிரண்டரை மணிக்கு மின்சாரம் போயிற்று. எங்கள் கட்டடம் என்று நினைத்தோம். பிறகு தெரு, ஊர், கடைசியில் ஸ்பெயின், போர்ச்சுகல் முழுவதும். கைப்பேசி செத்தது. கடைகளில் சில்லறைக் காசு வைத்திருந்தவனே ராஜா. ஒரு வீட்டு ஜன்னலில் பாட்டரி வானொலியை வைத்திருந்தார்கள். தெருவே அதன் கீழே நின்று செய்தி கேட்டது.

வகுப்பு நடக்காது என்று நினைத்துக்கொண்டே போனேன். பதினொரு பேர் வந்திருந்தார்கள். கூடம் இருட்டு, வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். ஏப்ரல் கடைசியில் இங்கே சூரியன் ஒன்பது மணிக்கு மேல்தான் இறங்குகிறது. நாற்காலிகளைத் தூக்கிச் சதுக்கத்தில் போட்டோம். வழக்கமாக ஆளுக்கொரு கைப்பேசியில் பாட்டுவரிகள் இருக்கும். இன்று ஒன்றுமில்லை. நான்கடிப் பாட்டுகள் எந்த மெட்டிலும் உட்காரும், நம் தெம்மாங்கு அடிகள்போல. மனத்தில் சேமிப்பு இருப்பவர் எடுத்துவிடலாம். எங்களிடம் தலைக்கு மூன்றோ நான்கோ இருந்தன, கால்மணி நேரத்தில் காலி.

அப்போது அந்த அம்மா தொடங்கினார். கையில் பந்தெய்ரேத்தா இல்லை. யாரோ வீட்டிலிருந்து மெழுகுவர்த்தி நட்டுவைக்கக் கொண்டு வந்திருந்த, மிளகாய்த்தூள் அடைத்து விற்கும் பெரிய தகர டப்பா. அதைத் தொடையில் இடுக்கிக்கொண்டு விரலாலும் உள்ளங்கையாலும் அடித்தார். மாமியார், பாதிரியார், கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டு கியூபாவுக்குக் கப்பலேறியவன் என்று ஒருவரையும் விடவில்லை. சில வரிகளுக்கு ஆசிரியை முகம் சிவந்தது. எத்தனை பாடினார் என்று முப்பதுவரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு கூவல், ‘அத்துருஷோ’. நம் ஊர்க் குலவைக்கு நாக்கு வேண்டும், இதற்கு அடிவயிறு. நாய் வைத்திருந்தவர்கள் நாயோடும், குழந்தை வைத்திருந்தவர்கள் குழந்தையோடும் வந்து நின்றார்கள். ஒரு பெண் அடவெடுத்தாள், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

நான் தூங்கப்போகும்வரை எங்கள் தெருவுக்கு விளக்கு வரவில்லை.

மே 17, சனி

கலீசிய இலக்கிய நாள். 1963இல் தொடங்கிய வழக்கம். காலமாகிப் பத்தாண்டுகளாவது ஆன ஓர் எழுத்தாளருக்கு ஆண்டுதோறும் காணிக்கை. இந்த ஆண்டு கலீசிய அரச கழகம் வாய்மொழிப் பாடகியருக்குக் கொடுத்திருக்கிறது: செர்செதாவின் ரோசா, அதொல்ஃபீனா காசாஸ் ராமா, முஷீயாவின் ஏவா காஸ்தின்யெய்ரா, மல்பிக்கா பக்கத்து மென்ஸ் ஊரின் பந்தெய்ரேத்தாக்காரிகள் புருதென்சியா, அசுன்சியோன், மனுவேலா. உழவும் மாடுமாக வாழ்ந்த பெண்கள். ஊரெங்கும் சுவரொட்டிகளில் அவர்கள் முகம், கீழே முழுப்பெயர்.

எழுதாதவர்களுக்கு இலக்கிய விழாவா என்று நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார். இந்த நாளுக்கு மே 17 என்று தேதி வந்ததே ரொசாலியா தே காஸ்த்ரோவின் ‘கான்தாரெஸ் கலேகோஸ்’ நூலால். 1863இல் வந்த அந்த நூலில் ஊர்ப்பெண்கள் வாயிலிருந்த பாட்டுகளை எடுத்து விரித்துத்தான் அவர் கவிதையாக்கினார். அவருடைய கல்லறை பொனாவாலில், அதே அருங்காட்சியகத்தின் பக்கத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்தேன், காபிக் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

மாலையில் அந்த அம்மா வகுப்புக் கூடத்துக்கு வந்தார், விடுமுறை நாளில். ஆசிரியையின் பதிவுக்கருவி முன்னால் இரண்டு மெட்டுகள் பாடினார். கோப்புக்குப் பெயரிடும்போது தன் பெயர் வேண்டாம் என்றார். “என் அம்மா பாடியது. அவள் பெயரைப் போடு. எங்கள் ஊருக்கு எவனும் இயந்திரத்தோடு வரவில்லை.” இரண்டு குடும்பப் பெயர்களோடு, ஊர், வட்டம், பிறந்த ஆண்டு எல்லாம் எழுத்துக்கூட்டிச் சொன்னார். ஆசிரியை இரண்டு முறை திருப்பிப் படித்துக் காட்டினார். இந்தக் குறிப்பில் அந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டிய இடத்தில் அது ஏறிவிட்டது.

ஜூன் 23, திங்கள்

சான் ஷோவான் இரவு, அதாவது புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவு. சதுக்கத்தில் சொக்கப்பனை அளவுக்குத் தீ. சோள ரொட்டியின் மேல் சுட்ட மத்தி மீன். விரலெல்லாம் எண்ணெய், அதோடு தோலைத் தொட்டால் ஆசிரியை கொன்றுவிடுவார். வகுப்பின் கடைசி நாள் என்பதால் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு.

பனி இறங்கிப் பத்துமணிக்கே தோல் தளர்ந்துவிட்டது. முடி உலர்த்தியைச் செருக இங்கே மின்துளை ஏது? தீயைச் சுற்றி நின்று எல்லோரும் பந்தெய்ரேத்தாவை நெருப்பின் பக்கம் நீட்டினோம். பறை காய்ச்சிப் பழகியவர்கள் பார்த்தால் எங்கள் அழகைக் கண்டு சிரித்திருப்பார்கள். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது.

“தள்ளி நில். சுட்டுத் தின்னவா போகிறாய்?”

அந்த அம்மா கருவியை வாங்கி, பாவாடையில் துடைத்து, காதருகே வைத்து நகத்தால் சுண்டினார். கொஞ்சம் யோசித்தார்.

“இன்னும் இல்லை” என்று திருப்பித் தந்தார்.