இலங்கையில் எந்த மாதத்திற்கு எந்தக் கடற்கரை

கோடை விடுமுறைக்கு இலங்கை செல்லத் திட்டமிடும் களியக்காவிளை, கொல்லங்கோடு நண்பர்கள் முதலில் பருவக்காற்றைப் பார்த்து, அதன் பிறகு கடற்கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறேன். ஆனி, ஆடியில் நம் குமரி மாவட்டத்து நீரோடிக் கரையில் அலையை வீட்டு வாசல்வரை ஏற்றிவிடும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் இலங்கையின் தென்மேற்கிலும் தெற்கிலும் உள்ள ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ கரைகளையும் கொந்தளிக்க வைக்கிறது என்பதால், அங்கெல்லாம் டிசம்பர் முதல் மார்ச் வரை செல்வதே நல்லது.

மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரைதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் பாசிக்குடாவையே சொல்வேன். வெளியே பவளப்பாறைத் திட்டு அலையைத் தடுத்துவிடுவதால், கரையிலிருந்து வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் தங்கினால் படகில் புறாமலைத் தீவுக்குச் சென்று வரலாம். பவளத்தின் மீது மட்டும் தயவுசெய்து கால் வைக்காதீர்கள். அறுகம்குடா அலைச்சறுக்கு பழகியவர்களுக்கு ஏற்ற இடம்.