நீலம் யாருடைய நிறம்?

அர்த்தநாரியை வரைய உட்கார்ந்தால் மூக்குக்கு வரும்போது எனக்குக் கை தயங்கும். வலப்பாதி திருநீற்று வெள்ளை, இடப்பாதி நீலம். இரண்டும் சேரும் நடுக்கோட்டை ஈரம் காய்வதற்குள் இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் விளிம்பு தடித்து, முகம் ஒட்டுப் போட்டது போலாகிவிடும்.

நேற்று அக்கா மகள் பக்கத்தில் இருந்தாள். "நீலம் பையன் கலர்தானே சித்தி? அம்மன் பக்கம் ஏன் பூசுறீங்க?"

ஐங்குறுநூற்றுக் கடவுள் வாழ்த்தைச் சொன்னேன். "நீல மேனி வாலிழை பாகத்து ஒருவன்" என்கிறார் பாரதம் பாடிய பெருந்தேவனார். அங்கே நீலம் உமையின் உடம்பு! பையனுக்கு நீலம் என்பதெல்லாம் நேற்று வந்த வழக்கம்.

அப்புறம் மோனிகா ஹெல்ம்ஸ் 1999-இல் வடிவமைத்த திருநர் கொடியைக் காட்டினேன். ஓரங்களில் ஆணுக்கென்று வழங்கும் வெளிர்நீலம், உள்ளே பெண்ணுக்கென்று வழங்கும் இளஞ்சிவப்பு, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை. மாறிக்கொண்டிருப்பவர்களுக்கும் ஆண், பெண் இரண்டிலும் தன்னை வைக்காதவர்களுக்கும் அந்த வெள்ளை. தலைகீழாகப் பிடித்தாலும் கொடி மாறாது. அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, உதட்டுக்கு?"

"இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சிவப்பு" என்றேன். கிண்ணத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள்.