மேலூரில் வாயில் பட்ட உப்பு

வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்தால் அத்தையை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சை, ஞானம், கிரியை என மூன்று சக்தியையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும். ஒரே பாறை மூன்றாய் உடைந்து, அதில் சிற்பி வடித்த மூன்று அம்மன்கள் என்பது தலக்கதை.

தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, மீஞ்சூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் மேலூர் போனோம். திருவுடையம்மன் சன்னதியில் கூட்டம் இருந்தும் தள்ளுமுள்ளு இல்லை. வெளியே பூக்கடையில் கை கழுவ ஒரு சொம்பு தண்ணீர் கேட்டேன். அப்படியே முகத்தில் அடித்துக்கொண்டபோது வாயில் பட்டது. உப்பு.

"போர் தண்ணிம்மா, குடிச்சிடாத" என்றார் பூக்கார அம்மா. "எங்க மாமியார் காலத்துல கெணத்துல இளநி மாதிரி இருக்குமாம். பட்டணத்துக்கு மோட்டார் போட்டு உறிஞ்சினாங்க, கடல் உள்ள வந்துடுச்சு."

அவர் சொன்னதில் மிகை இல்லை. 1960களின் கடைசியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் கிணறுகள் தோண்டிச் சென்னைக்குத் தண்ணீர் எடுத்தார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க, கடல்நீர் மண்ணுக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஊறிக் கீழே இறங்க வேண்டிய கொசஸ்தலை ஆற்று வெள்ளமோ பூண்டியிலேயே நின்றுவிடுகிறது. பூண்டி அணை 1944இல் முடிந்தது, சத்தியமூர்த்தி பேரில் இருக்கிறது, நம் ஊர் குடிக்கத்தான் கட்டியது. ஆந்திராக்காரன் மேலே கட்டிக்கிறான் என்று டீக்கடையில் நாம் கத்துவோம். மீஞ்சூர்க்காரருக்கு மேலே உட்கார்ந்திருப்பது நாம்தான்.

கத்துவதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சித்தூர்ப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டில் தரைப்பாலம் முழுகும். திறக்காத நாளில் மணல்தான். 2022இல் இன்னும் இரண்டு அணை கட்டப்போவதாக ஆந்திரா சொன்னபோது அப்போது நம் முதல்வராக இருந்த ஸ்டாலின் எதிர்த்துக் கடிதம் எழுதினார். மழை வலுத்தால் கதை தலைகீழ். பூண்டி மதகைத் தூக்கினால் மணலி புதுநகர் வீடுகளுக்குள் ஆறு வந்துவிடும். வேண்டும்போது வராது, வேண்டாதபோது கட்டில்மேல் ஏறும்.

திரும்பும் வண்டி எண்ணூருக்கு முன்னால் பாலத்தில் ஆற்றைத் தாண்டியது. ஆறு வந்தால் காசு போடுவது அத்தை வழக்கம். ஐந்து ரூபாயை எடுத்து ஜன்னலருகே கொண்டுபோனவர், கீழே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நீரைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். காசு சுருக்குப்பைக்குள் போய்விட்டது.

திருவொற்றியூரில் வடிவுடையம்மனைப் பார்க்க ஒன்றரை மணி நேரம் வரிசை. என் கண் மகிழமரத்திலேயே இருந்தது. இதன் அடியில்தான் சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்கு, 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்தது. சத்தியத்துக்குக் கோயிலுக்குள் போகலாம் என்று தான் சொல்லும்போது, சாமி அங்கிருந்து மரத்தடிக்கு வந்துவிட வேண்டும் என்று சிவனிடம் ரகசியமாகப் பேசி வைத்திருந்தார். சிவன் அதைச் சங்கிலியிடமே போட்டுக்கொடுக்க, மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிவிட்டார்கள். பிரிந்து போனார், கண் போனது.

வரிசையில் நின்றபடி எனக்குச் சென்னைக்குக் கிருஷ்ணா ஆற்றுத் தண்ணீர் தரும் ஒப்பந்தம்தான் நினைவுக்கு வந்தது. மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா ஆளுக்கு 5 டிஎம்சி தர வேண்டும் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). வழியில் 3 போக, தமிழ்நாட்டுக்கு 12. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் 1983இல் ஒப்புக்கொண்டது. ஸ்ரீசைலத்தில் புறப்பட்டு, சோமசிலா, கண்டலேறு தாண்டி, ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு முதலில் தண்ணீர் வந்தது 1996இல். வாக்குக் கொடுத்து 13 வருஷம் கழித்து! அதன் பிறகும் பெரும்பாலான ஆண்டுகளில் 12 முழுதாக வந்ததில்லை. இதற்கெல்லாம் யாருக்கும் கண் போவதில்லை.

ஆனாலும் ஒன்று நினைத்தால் சிலிர்க்கும். கிருஷ்ணை பிறப்பது மகாபலேஷ்வரத்தில். அங்கே கோயிலில் கல் பசுவின் வாயிலிருந்து அவள் விழுவதாகத்தான் கும்பிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டாவது ஏதோ ஒரு தெருக்குழாயில் நம் குடத்துக்கு வந்திருக்கும்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறித் திருமுல்லைவாயில் போய்ச் சேர்ந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். கொடியிடையம்மன் சின்ன இடையோடு பச்சைப் புடவையில் நின்றாள். கண் இழந்த சுந்தரர் இங்கே வந்தும் பாடியிருக்கிறார். பாடலில் இந்த ஊர் பாலியின் வடகரை. பாலி என்றால் பாலாறு.

அத்தைக்கு அதைச் சொன்னேன். வாசலுக்கு வந்து தெற்கே பார்த்தார். கடைகள், பைக்குகள்.

"ஆறு எங்கடி?"

"இப்ப காஞ்சிபுரம் பக்கம் போகுது அத்தை."

"யாரு அணை கட்டித் திருப்பினது?"

"இது யாரும் கட்டலை. ரொம்பக் காலம் முன்னாடி அதுவாவே தடம் மாறிடுச்சாம்."

அத்தை நம்பவில்லை. சுருக்குப்பையைத் திறந்து அந்த ஐந்து ரூபாயை எடுத்தார். செருப்பு பார்த்துக்கொண்ட பாட்டிக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டார்.