ஏடி, எஸ்என் ஆகும் வரை

வானத்தில் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் முதலில் ஏடி என்ற முன்னொட்டோடுதான் அதற்குப் பெயர் கிடைக்கும். ஏதோ மின்னுகிறது, என்னவென்று தெரியாது என்று அர்த்தம். அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து நிறமாலை எடுத்து, வெடித்த நட்சத்திரம், அதாவது சூப்பர்நோவாதான் என்று உறுதியானால் ஏடி போய் எஸ்என் வரும். அந்த இரண்டு எழுத்தை மாற்றுவதுதான் சில ஆண்டுகள் என் வேலை. வீட்டில் விளக்கியபோது, "இதுக்கா ராத்திரியெல்லாம் முழிக்கிற?" என்றார் அம்மா.

பெங்களூரை அடுத்த ஹோஸ்கோட்டேயில் உட்கார்ந்தபடி, லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் 2 மீட்டர் தொலைநோக்கியைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குவோம். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும். திரையிலோ ஹான்லே வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இந்த முரண் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதே பாதி வேலை. கலிபோர்னியாவில் பலோமர் மலையிலுள்ள 48 அங்குலத் தொலைநோக்கி ஒரே படத்தில் 47 சதுர டிகிரி வானத்தை அள்ளிவிடும். புதுப் படத்திலிருந்து பழையதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் செய்தி. ஆனால் மிஞ்சுவதில் குப்பையே அதிகம்: சரியாகக் கழியாத நட்சத்திரம், குறுக்கே போன சிறுகோள், காஸ்மிக் கதிர் பட்ட புள்ளி. கணினி நிறைய வடிகட்டித் தந்தாலும் கண்ணால் பார்க்காமல் தொலைநோக்கி நேரத்தை வீணாக்க முடியாது. 2018 மார்ச்சில் ஒரு வானியலாளர் மிகப் பிரகாசமான புதுப் பொருள் என்று உலகத்துக்கே அறிவித்துவிட்டு, அது செவ்வாய்க் கிரகம் என்று உடனே திருத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் குறைவாகத்தான் சிரித்தேன்.

ஏனென்றால் நானும் அந்த விளிம்பு வரை போனவன். ஒரு விண்மீன் மண்டலத்தின் சுருள் கை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த மங்கலான புள்ளி அது. முக்கால் மணி நேரம் ஒளி சேர்த்து எடுத்த நிறமாலையில், 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தின் பக்கம் ஹைட்ரஜன் கோடு ஊசிபோல் நிமிர்ந்து நின்றது. ஹைட்ரஜன் இருந்தால் இரண்டாம் வகை சூப்பர்நோவா. 1941-இல் வானியலாளர் மின்கோவ்ஸ்கி இரண்டு வகையாகப் பிரித்துவைத்ததிலிருந்து அதுதான் கணக்கு. வேறு குழு முந்திவிடுமோ என்ற அரிப்பில் அறிக்கைப் படிவத்தைக்கூட நிரப்பிவிட்டேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் பொறு. கோடு எவ்வளவு ஒல்லியா இருக்கு பாத்தியா? பக்கத்துல நைட்ரஜன் இருக்கா?"

இருந்தது. சற்றுத் தள்ளிக் கந்தகத்தின் ஜோடிக் கோடும் இருந்தது. வெடித்துச் சிதறும் பொருள் வினாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதால் அதன் கோடுகள் அகன்று பரந்து கிடக்கும். இப்படி ஒல்லியாக, துணைக்கு நைட்ரஜனையும் கந்தகத்தையும் கூட்டிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அந்தச் சுருள் கையில் நட்சத்திரம் பிறக்கும் வாயு மேகத்தின் வெளிச்சம். நான் வகைப்படுத்தப் பார்த்தது நட்சத்திரத்தை அல்ல, அது இருந்த தெருவை.

புள்ளிக்கு இரண்டு பக்கமும் பின்னணியை நெருக்கமாக எடுத்து மறுபடி கழித்தேன். ஊசி குட்டையானது. விண்மீன் மண்டலம் நம்மை விட்டு விலகுவதால் கோடுகள் சிவப்புப் பக்கம் தள்ளிப்போகும், அந்தச் செந்நகர்வைச் சரிசெய்ததும் 6150 பக்கம் அகலமான பள்ளம் ஒன்று கண்ணில் பட்டது. முதலிலேயே இருந்ததுதான், இரைச்சல் என்று தாண்டியிருந்தேன். 6355-இல் இருக்க வேண்டிய சிலிக்கான், நம்மை நோக்கிப் பறந்து வருவதால் நீலப் பக்கம் நகர்ந்து நிற்கிறது. ஒன்று-ஏ வகை, அதாவது வெடித்த வெள்ளைக் குள்ளன், எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம். பிரபஞ்சம் விரைவுகூடி விரிகிறது என்று 1998-இல் காட்டிக்கொடுத்த அதே வகை. படிவத்தை அழித்துவிட்டு எழுந்துபோய் டீ போட்டேன். அக்கா மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமானதாக இருந்தது.

அப்புறம் 2023 மே 19 அன்று ஜப்பானின் கோய்ச்சி இதாகாகி, சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்101 விண்மீன் மண்டலத்தில் ஒரு வெடிப்பைக் கண்டுபிடித்தார். எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். ஹான்லேயும் அந்தப் பக்கம் திரும்பியது. நிறமாலையில் மறுபடியும் ஒல்லியான ஹைட்ரஜன் கோடு! கை தானாக நைட்ரஜனைத் தேடிப்போனது. ஆனால் இந்தக் கோட்டின் அடிவாரம் கூடாரம்போல் இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. வெடிப்பதற்கு முன் நட்சத்திரம் தன்னைச் சுற்றி உதிர்த்த வாயு, வெடிப்பின் வெளிச்சம் பட்டு ஒளிர்ந்திருக்கிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் அந்தக் கோடுகள் மறைந்தும் போயின. தெருவின் வெளிச்சம் அப்படிப் போகாது.